இருட்டில் வைத்த குஞ்சுகள்

என் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "கிணத்தடியிலை மோட்டர் ஓடுது பிள்ளை, கொம்மாவோடை கதை" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அந்த நேரம் இங்கே கரண்டே இல்லை என்பதை உன் அம்மா அடுத்த நிமிடமே உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் என்னை என்றைக்குக் காட்டிக்கொடுக்காமல் விட்டாள்? நீ கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அப்பா, இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு சொல்லட்டே? அவரின்ரை மகள் துளசி என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கிறாள் இல்லை. நான் போனால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிக்கிறாள். என்னைப் பிடிக்காத பிள்ளைக்கு நான் எப்பிடித் தாயா இருக்கிறது?" அடுத்த கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. கலியாணக் கார்ட் பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று. ஆனால் நான் போனைக் கொடுத்துவிட்டு ஓடியது அதற்காக இல்லை. அந்தப் பிள்ளை ஏன் கதைக்கவில்லை என்பது எனக்கு அப்போதே மெல்லத் தட்டத் தொடங்கியிருந்தது. அதை உனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

போனில் எனக்கு ஒழுங்காகக் கதைக்கத் தெரியாது. அச்சுவேலி பஸ்ஸில் கண்டக்டராக நின்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அன்பாகச் சொல்ல வேண்டியதையும் "பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ" என்பதுபோலத்தான் சொல்லிவிடுகிறேன். நீயும் என்னைப்போலக் கெதியாகக் கோபப்படுகிறவள். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். இடையில் அவளுடைய விரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

சிரிக்காதே, உன் கேள்விக்குப் பதிலாக நான் ஒரு கோழியைத்தான் கொண்டுவரப் போகிறேன். எங்கள் சாம்பல் கோழி விறகுக் கொட்டிலுக்குள் அடைக்குக் கிடந்தது உனக்குத் தெரியும். பழைய ஓலைக் கடகத்தில் வைக்கோல் போட்டு, அது இட்ட முட்டைகளையெல்லாம் அதற்கே வைத்தோம். மழை இருட்டிக்கொண்டு நின்ற காலம். இடி முழங்கினால் முட்டை கலங்கிப்போகும் என்று நான் வாசல் படலையின் பழைய கொளுக்கி இரும்பு ஒன்றைக் கடகத்துக்குள் வைத்தேன். அது காணாது என்று அம்மா அடுப்புக் கரியும் வைத்தாள். முழக்கமும் வந்தது, கொட்டில் தகரம் அதிர அதிர வந்தது. பொரிக்க வேண்டிய நாள் கடந்தும் ஒரு குஞ்சும் வரவில்லை. எடுத்து உடைத்துப் பார்த்தால் அத்தனையும் கூழ். இரும்பு சின்னன் என்றாள் அம்மா. கரி ஈரம் என்றேன் நான். ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எடேய், உங்கடை சேவல் எங்கை?" என்று கேட்டபோதுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல்முறை சாப்பிட வந்த அன்று சேவலைக் கறி வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு இட்ட முட்டைகளுக்கு இரும்பு வைத்தால் என்ன, தங்கம் வைத்தால் என்ன!

கோழிக்கு இது தெரியாதே. வெறும் வைக்கோலிலும் எழும்பாமல் கிடந்தது. தீன் வைத்தால் ஓடி வந்து நாலு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பி ஓடும். நெஞ்செலும்பு கையில் தட்டுப்பட்டது. வாளித் தண்ணீருக்குள் அமத்தி எடுத்தால் அடைச்சூடு இறங்கிவிடும், எல்லோரும் செய்கிறதுதான் என்று பரமேஸ் அக்கா சொன்னாள். நானும் வாளியை எடுத்தேன். அம்மா வாளியைப் பறித்து வைத்துவிட்டாள். "அது என்ன பிழை செய்தது? பிள்ளை வேணுமெண்டு கிடக்குது. அதுக்குத் தண்டனையோ?" என்றாள். உனக்கு எத்தனை சம்பந்தம் வந்து தட்டிப்போனது என்று இந்த வீட்டில் அவளுக்குத்தான் கணக்குத் தெரியும். யாரை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அச்சுவேலிச் சந்தைக்குப் போய், பெட்டிக்குள் போட்டு விற்கிறவனிடம் அன்றைக்குப் பொரித்த குஞ்சுகளாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

வாங்கிய குஞ்சைக் கோழியிடம் சும்மா கொண்டுபோய் விட முடியாது. பகலில் கண்டால் கொத்தும். சிலது கொன்றும் போடும். பொழுது நன்றாகப் பட்டு, கோழி கண் மூடிய பிறகுதான் போக வேண்டும். போன் வெளிச்சத்தைக் கையால் பொத்திக்கொண்டு அம்மா நின்றாள். நான் குஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, கோழியின் பின்பக்கத்தால், செட்டைக்குக் கீழே, மெல்ல மெல்லத் தள்ளினேன். கோழி உள்ளுக்குள் உறுமியது. என் மணிக்கட்டில் ஒரு கொத்தும் போட்டது. குஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்தியது. பிறகு அந்தச் சத்தம் இறகுக்குள் அமுங்கி, சின்னதாகி, நின்றுபோனது. அது நின்றதும் அடுத்தது. இப்படி எல்லாவற்றையும் வைத்தோம். ஒன்று மட்டும் கால் இரண்டும் விரிந்து நிற்க மாட்டாமல் கிடந்தது. அதை வைத்தால் மிதிபட்டுப்போகும் என்று அம்மா அடுப்படிக்கு, குசினிக்குள் கொண்டுபோனாள். கம்பளி நூலால் காலைச் சேர்த்துக் கட்டி, கடதாசிப் பெட்டிக்குள் விட்டு, மேலே பல்பைத் தொங்கவிட்டாள்.

விடியப் போய்ப் பார்த்தால் சாம்பல் கோழி முற்றத்தில் நிற்கிறது. பின்னால் மஞ்சளும் கறுப்புமாகக் குஞ்சுகள். கொக் கொக் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு மண்ணைக் கிளறிக் காட்டுகிறது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பரமேஸ் அக்கா, தேத்தண்ணிக் கடை, சந்தி என்று ஒரு இடம் விடாமல் போய்க் கதை அளந்தேன். "கோழியைப் பேய்க்காட்டிப்போட்டன். தான் பொரிச்சதெண்டுதான் உவ நினைச்சுக்கொண்டு திரியிறா" என்று. பிள்ளை, இந்த இடத்தில்தான் உன் கதை தொடங்குகிறது.

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை சுதாகரனும் அவருடைய அக்காவும் பண்டத்தரிப்பிலிருந்து வந்தார்கள். துளசியும் வந்தாள். உனக்கு அன்று வேலையில் லீவு இல்லை. கலியாண ஒழுங்குகளைக் கதைக்கத்தான் வந்தார்கள். மாப்பிள்ளை இங்கே எங்கள் வீட்டோடு வருவது என்பது முதலே பேசியது; துளசியும் வருவாள் என்பதும் பேசியது. எப்படி வருவாள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. தாய் செத்துப்போன நாளிலிருந்து அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை தேப்பன்ரை கலியாணத்தைப் பாக்கக் கூடாதெண்டு சொல்லுறவைதானே. தாலி கட்டு முடியுமட்டும் நான் வீட்டிலை வைச்சிருக்கிறன். பொழுதுபட்டு நித்திரையானாப் பிறகு மெல்லமாத் தூக்கிக்கொண்டு வந்து இஞ்சை விடுறன். விடியக் கண் முழிக்கேக்கை புது அம்மா பக்கத்திலை இருப்பா. அழுகையும் இராது." எல்லோருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. சும்மா தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம். உன் அப்பனால் அப்படி இருக்க முடியுமா? "அருமையான யோசினை. எங்கடை கோழிக்குச் செய்ததைத்தான் செய்யப்போறம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

துளசி அப்போது விறாந்தைப் படியில் குந்தியிருந்து கரப்புக் கூடைக்குள் இருந்த குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவளருகே போனேன். "தாத்தா, உது தன்ரை குஞ்சில்லையெண்டு கோழிக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். சந்தியில் சொன்ன அதே கதையை அவளுக்கும் எடுத்து விட்டேன். "தெரியாது மோனை. இருட்டிலை வைச்சுப் பேய்க்காட்டிப்போட்டம்." "தெரிஞ்சால்?" "தெரிஞ்சால் கொத்திப்போடுமே!" என்று சொல்லி, விரலைக் கோழிச் சொண்டுபோலக் குவித்து அவளுடைய தலையில் விளையாட்டாக ஒரு குட்டு வேறு வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முந்திய மாதம் உன் மடியில் ஏறியிருந்து போனில் பாட்டுக் கேட்டவள், நீ பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து அவளுக்குக் கலர்ப் பென்சிலும் சட்டையும் கொண்டு போனபோது கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓம், இல்லை தவிர வேறு சொல் இல்லை. கலியாணம் கிட்ட வர வர அவளுக்கு உன்னில் வெறுப்பு வந்துவிட்டது என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதபோதுதான் அந்தக் குட்டு எனக்கு நினைவு வந்தது.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. சுதாகரனும் அக்காவும் யாழ்ப்பாணம் ரவுணுக்கு உனக்குக் கூறைச்சேலை எடுக்கப் போனார்கள். நீ வேண்டாமென்று சொல்லலாமா என்று கேட்டது அவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விடுமுறை என்றபடியால் துளசியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் சைக்கிளால் இறங்கியதும் அவள் நேரே குசினிக்குப் போய்க் கடதாசிப் பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"இதை ஏன் தனிய வைச்சிருக்கிறியள்?"

"கால் ஏலாமல் கிடந்தது. இப்ப சுகம். கட்டையும் அவிட்டாச்சு."

"அப்ப கோழியிட்டை விடுங்கோவன்."

"இனி ஏலாது மோனை. பகலிலை விட்டால் கொத்திப்போடும்."

"இரவிலை வைச்சால்?"

"வைச்சுப் பாக்கலாம்" என்றேன்.

அவள் பெட்டிக்குள் விரலை விட்டாள். குஞ்சு விரலில் வந்து ஏறியது. என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "என்னையும் அப்பிடித்தானே கொண்டுவந்து விடப்போறியள். நித்திரையாக் கிடக்கேக்கை. விடிஞ்சால் அவவுக்குத் தெரிஞ்சிடும்தானே, நான் அவவின்ரை பிள்ளை இல்லையெண்டு."

பிள்ளை, பஸ்ஸில் நான் பார்க்காத சண்டை இல்லை, வாங்காத பேச்சு இல்லை. இப்படி ஒன்றை ஒருநாளும் வாங்கியதில்லை. ஏழு வயதுப் பிள்ளை இத்தனை நாளாக அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது. நீ சட்டை நீட்டினபோது அவள் உன்னை வெறுத்துக்கொண்டு நிற்கவில்லை. உனக்கு உண்மை தெரிந்து நீ கொத்தப்போகும் நேரம் எப்போது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சட்டையை வாங்கக் கை நீட்டினால் பிடிபட்டுவிடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ.

அப்போது எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். யுத்த நேரம் நாங்கள் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு இடம்பெயர்ந்தபோது நீ இவளிலும் சின்னப் பிள்ளை. நீ அழுவாய், பாவைப்பிள்ளையை எடுக்க வேண்டும் என்று அடம் பிடிப்பாய் என்று, நித்திரையில் கிடந்த உன்னை எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். சனத்தோடு சனமாக, மழைக்குள். நீ கண் முழித்தது தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டு அறையில். நீ அழவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் என்னை எழுப்பேல்லை?" என்று மட்டும் கேட்டாய். திரும்பி ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் ஏறிய பிறகும்கூட, அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றாமல் உனக்கு நித்திரை வராது. பயமில்லாமல் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தோம். வேறு வழியும் அன்று இருக்கவில்லை. ஆனால் இப்போது இருக்கிறது. இருந்தும் அதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்யப்போனேன், அதுவும் பகிடி விட்டுக்கொண்டு.

"பகலிலை விட்டுப் பாப்பம்" என்றாள் துளசி. கோழி கொத்திக் குஞ்சு செத்துப்போனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் என்ன சொல்ல முடியும்? இல்லை மோனை, வேண்டாம் மோனை என்று சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டு நின்ற அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "விடுங்கோ. பிள்ளை பாக்கவேணுமெண்டால் பாக்கட்டும்" என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கிட்ட நிண்டு பாப்பம். ஒளிச்சுச் செய்ததெல்லாம் காணும்" என்றாள்.

முற்றத்தில் தேசிமரத்தடியில் குறுணல் போட்டு, குஞ்சை இறக்கி விட்டோம். உள்ளதைச் சொல்கிறேன், கோழி கொத்தியது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து தலையில் ஒரு கொத்து. குஞ்சு உருண்டு போய் விழுந்தது. துளசி என் இடுப்புச் சாரத்தைப் பிடித்த பிடியில் அவிழ்ந்து விழாமல் நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் குஞ்சைத் தூக்கப் போனேன். "நில்லுங்கோ" என்றாள் அம்மா. குஞ்சு எழும்பி ஓடியது. கோழியிடம் இல்லை, அம்மாவின் காலடிக்கு! பெட்டிக்குள் இருந்த நாளெல்லாம் அது கண்ட முகம் அவளுடையது. தாய் என்று அவளைத்தான் நினைத்திருக்கிறது. கோழி கொக் கொக் என்று கூப்பிடும்போது மற்றக் குஞ்சுகளெல்லாம் ஓடுகின்றன; இது மட்டும் அது யாரையோ கூப்பிடுகிறது என்று நிற்கிறது. அந்தக் கூப்பாட்டுக்கு என்ன கருத்து என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? இவ்வளவு காலம் கோழி வளர்த்தும், கோழி ஏற்குமா ஏற்காதா என்றுதான் நான் பார்த்தேன். குஞ்சுக்கும் பழக்கம் வேண்டும் என்று யோசித்ததில்லை.

அம்மா கோழிக்குப் பக்கத்திலேயே போய்க் குந்தினாள். குஞ்சும் அவளோடு போனது. அவள் குறுணலைத் தன் காலடியில் போட்டாள். மற்றக் குஞ்சுகளும் அங்கே வந்தன. எல்லாம் கலந்து நின்று தின்றன. கோழி இடைக்கிடை தலையைச் சரித்து அந்த ஒன்றைப் பார்க்கும். இன்னொரு தரம் கொத்தியது, முதல் கொத்தின் வேகம் இல்லை. அம்மாவின் முழங்கால் விறைத்துப்போய், என்னைப் பிடித்துத்தான் எழும்பினாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. ஒருவரும் போகவில்லை.

வெயில் ஏறியதும் கோழி தேசிமர நிழலில் மண்ணைக் கிளறிப் படுத்துச் செட்டையை அகட்டியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நம்முடையது முன்பக்கத்தால் போகப் பார்த்தது. கோழி தலையைத் தூக்கியதும் நின்றுவிட்டது. பிறகு சுற்றிப் போய், கடைசியாகப் போன குஞ்சுக்குப் பின்னால் தலையை மட்டும் செருகிக்கொண்டு, பின்பக்கம் வெளியே தெரிய நின்றது. கோழி கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தது. நல்ல பட்டப் பகல். மறைக்க ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்தது, பிள்ளை. பார்த்துவிட்டு, உடம்பை ஒருதரம் அசைத்து, செட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கி, அதற்கு மேலால் இறக்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

"கண்டிட்டுது" என்றாள் துளசி. பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "கண்டும் விட்டிட்டுது" என்றாள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளே போனாள். எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியும். நான் பிள்ளைக்கு முன்னால் குந்தி, "நான் உனக்குச் சொன்னது பொய் மோனை. கோழிக்கு முதலே தெரியும். தாத்தாதான் பெரிய ஆள்போலக் கதை விட்டனான்" என்றேன். முதலே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிக் குஞ்சைத் தெரிந்துதான் எடுத்தது, அதற்கு நான் எங்கேயும் சத்தியம் செய்வேன்.

பொழுதுபட முன்னம் அவர்கள் கூறையோடு வந்தார்கள். படலை திறந்த கையோடு நான் சொல்லிவிட்டேன்: துளசி கலியாணத்துக்கு வருவாள், மணவறைக்குப் பக்கத்தில் நிற்பாள், இந்த வீட்டுக்குத் தன் காலால் நடந்து வருவாள். "ஊர் என்ன சொல்லும்?" என்றார் அக்கா. "ஊரோ எங்கடை வீட்டிலை வந்து இருக்கப்போகுது? பிள்ளைதான் வரப்போகுது" என்றேன். கொஞ்சம் கத்தியும் விட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நான் கெட்டது நினைக்கேல்லை அண்ணை. என்னை விட்டுப் போகேக்கை அவள் அழுதால் என்னாலை தாங்கேலாது. அதுதான் நித்திரையிலை எண்டனான்" என்றார். பிறகு எனக்குக் கத்த என்ன இருக்கிறது? அவருக்கும் இங்கே ஒரு அறை ஒதுக்கலாம், நினைத்தபோது வந்து நிற்கட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சுதாகரன் கூறைப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றவர், "எனக்கும் அதுதான் விருப்பம் மாமா. வாய்விட்டுச் சொல்லத் தெரியேல்லை" என்றார். என்ஜின் திருத்துகிற உன் மாப்பிள்ளைக்கு அதன் சத்தம் விளங்கும். மனிதரோடு கதைக்கத்தான் தெரியாது. அதை நீ கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. பயமாக இருந்தால் சொல். கார்ட், மண்டபம், சனத்தின் வாய் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குத்தானே இந்தத் தொண்டை. ஆனால் "பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்ற காரணத்தை மட்டும் சொல்லாதே. அது உண்மை இல்லை. அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டவன் நான். அதைப் பொறுத்துக்கொள் என்று கேட்கத்தான் இத்தனை தாளும்.

வருவதென்றால் இதையும் கேள். சட்டை, பென்சில் ஒன்றும் கொண்டு வராதே. அம்மா என்று கூப்பிடச் சொல்லாதே. யாராவது சொல்லிக் கொடுத்தால் என்னிடம் சொல். அவளுக்கு ஒரு அம்மா இருந்தவள். அவளுடைய படம் மாட்டுவதற்கு முன்னறையில், கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில், ஆணி அடித்து வைத்திருக்கிறேன். உனக்கும் சில நாள் பொறுமை போகும், கோபம் வரும், கொத்துவாய். நீ என் பிள்ளை, கொத்தாமல் இருக்க மாட்டாய். அன்றைக்கு, "இவளைப் பெற்றவள் நான் இல்லாததால்தான் இப்படி வருகிறதோ" என்று உன்னையே போட்டு வதைக்காதே. உன் அம்மா உன்னைப் பெற்றவள்; அவள் உன்னைக் கொத்தின கொத்துக்கு நானே சாட்சி. கொத்தினாலும், திரும்பிப் பார்த்துச் செட்டையைத் தூக்கினால் போதும்.

நேற்று அவர்கள் வெளிக்கிடும்போது துளசி மோட்டார் சைக்கிளில் ஏறாமல் திரும்பி ஓடிவந்தாள். குஞ்சைப் பார்க்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். என்னிடம் வந்து, சாரத்தைப் பிடித்து இழுத்துக் குனியவைத்துக் கேட்டாள்.

"தாத்தா, அவவுக்கும் பயமோ?"

பொய் சொல்லி ஒருமுறை பட்டது போதும். "ஓம் மோனை. உன்னைப்போலத்தான். சரியான பயம்" என்றேன்.

இத்தனை நாளும் இறுகிக் கிடந்த அந்த முகம் இளகி வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப வரச் சொல்லுங்கோ" என்றாள்.

சொல்லிவிட்டேன், பிள்ளை. வெள்ளிக்கிழமை வா. இரவு பஸ் வேண்டாம், காலை ரெயிலில் வா. வெயில் இருக்கும்போதே யாழ்ப்பாணம் ஸ்டேசனில் இறங்குவாய். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நான் நிற்பேன்.

உன்னை அன்று எழுப்பாமல் தூக்கிக்கொண்டு போன
அப்பா